திருட்டுப் புகாரா? சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள்: எப்.ஐ.ஆர். முதல் பொருள் கைக்கு வரும் வரை

வீடு திருடு போனதைவிட, புகார் கொடுக்கப் போன இடத்தில் நடப்பதுதான் பலரை அதிகம் நோகடிக்கிறது. "பில் இருக்கா?", "இவ்வளவு நகையை வீட்ல வெச்சிட்டு ஏன் ஊருக்குப் போனீங்க?", "வேலைக்கார அம்மா மேல சந்தேகம் இருக்கா?" என்று கேள்விகள் வரும். பொருளைப் பறிகொடுத்தவரே குற்றவாளி போல பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். கடைசியில் மனு வந்ததற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "பாத்துட்டு கூப்பிடுறோம் சார்" என்பார்கள். அதற்குப் பிறகு போன் வராது. நாமே போய்க் கேட்டால் அதிகாரி பந்தோபஸ்தில் இருப்பார், அல்லது மாறுதலாகிப் போயிருப்பார்.

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போடுவதால் ஒரு வழக்கும் நகர்ந்ததில்லை. தேதி போட்ட காகிதம்தான் நகர்த்தும். தமிழ்நாட்டு நகரங்களில் திருட்டு, வழிப்பறி, வாகனத் திருட்டுக்கு ஆளானவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் காகிதத்தை, யாரிடம், எந்தச் சட்டப்பிரிவின்படி கேட்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி. 2024 ஜூலை 1 முதல் பழைய இ.பி.கோ.வும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய், பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) ஆகியவை வந்துவிட்டன. கீழே உள்ள பிரிவு எண்கள் எல்லாம் புதிய சட்டத்தில் உள்ளவை.

தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை

கதவு உடைந்து கிடப்பதைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் பீரோவைத் தொடாதீர்கள். மனம் கேட்காதுதான். ஆனால் கைரேகைப் பிரிவினர் பொடி தூவிப் பார்க்கும் இடங்கள் பீரோ கைப்பிடி, லாக்கர் மூடி, ஜன்னல் கண்ணாடி ஆகியவையே. வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தொட்டுப் பார்த்த பிறகு அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. வாசலில் நின்றபடியே செல்போனில் வீடியோ எடுங்கள். தாழ்ப்பாள் எப்படி நெம்பப்பட்டிருக்கிறது, பூட்டு எங்கே கிடக்கிறது, உள்ளே துணிமணி எப்படிக் கலைந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வரட்டும்.

அடுத்து 100 அல்லது 112. ஸ்டேஷன் தெருமுனையிலேயே இருந்தாலும் கட்டுப்பாட்டு அறைக்கு முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் அழைத்த நேரம் அங்கே பதிவாகிவிடும். "புகார் தாமதமாக வந்தது" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவதாக, கேமரா. அக்கம்பக்கத்துக் கடை, வீடு, அபார்ட்மெண்ட் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். வன்தட்டின் கொள்ளளவைப் பொறுத்துச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அந்த இரவு அழிந்துவிடும். போலீஸ் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல், அன்றே போய் அந்த நேரத்துப் பதிவை நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். டி.வி.ஆர். (கேமரா பதிவுக் கருவி) காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கருவிகளில் கடிகாரம் தப்பாக ஓடும். இந்தச் சின்னக் குறிப்பு இல்லாமல், கிடைத்த வீடியோவையே நீதிமன்றத்தில் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடலாம். பதிவை முறைப்படி ஆதாரமாக்குவதற்கு பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் தேவை. அதை விசாரணை அதிகாரி பார்த்துக்கொள்வார். கேமரா உரிமையாளரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் வாங்கி வைத்திருப்பது உங்கள் வேலை.

நடந்தது என்ன குற்றம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

ஸ்டேஷனில் உங்களைத் திருப்பி அனுப்பப் பயன்படும் பல வார்த்தைகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சாதாரணத் திருட்டு பி.என்.எஸ். 303(2)இல் வரும். மூன்றாண்டு வரை சிறை. திருடு போன பொருளின் மதிப்பு ரூ.5,000க்குக் கீழே என்றால், அது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம் என்று புதிய சட்டம் மாற்றிவிட்டது. அப்படிப்பட்ட புகாரில் பி.என்.எஸ்.எஸ். 174ஆம் பிரிவின்படி விவரத்தைப் பதிந்துகொண்டு உங்களை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். நடுவர் உத்தரவில்லாமல் விசாரணை நடக்காது. "பழைய போன்தானே, அஞ்சாயிரம்கூடப் போகாது" என்று ரைட்டர் பேச்சுவாக்கில் சொல்வதற்குச் சட்டத்தில் இவ்வளவு கனம் இருக்கிறது. ஆகவே பொருளின் இன்றைய மதிப்பு 5,000க்கு மேல் என்றால் புகாரில் அதைக் கண்டிப்பாக எழுதுங்கள்.

அதே பொருள் வீட்டுக்குள்ளிருந்து போயிருந்தால் கதை வேறு. அது 305ஆம் பிரிவு, ஏழாண்டு வரை சிறை. பொருளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது. கையிலிருந்தோ கழுத்திலிருந்தோ பறித்துக்கொண்டு ஓடினால் 304. பறிப்பு என்பது முன்பு தனிக் குற்றமாக இருந்ததில்லை, இப்போது தனிப் பிரிவு வந்திருக்கிறது. அதற்கும் 5,000 ரூபாய்க் கணக்கு கிடையாது. அடித்தோ கத்தியைக் காட்டியோ பிடுங்கினால் 309, அதாவது கொள்ளை. பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தால் 331ஆம் பிரிவும் சேரும். போலீஸ் பேச்சில் இதற்குப் பெயர் கன்னக்களவு. திருடுவதற்காக இரவில் கன்னக்களவு செய்தால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு.

புகாரில் பிரிவு எண்ணை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் "வீட்டுக்குள்ளிருந்து", "பூட்டை உடைத்து", "கையிலிருந்து பறித்து" என்ற சொற்கள் விட்டுப்போகக் கூடாது. சரியான பிரிவு அவற்றிலிருந்துதான் வரும்.

புகாரை எழுதுவது

வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினால், எதிரில் நிற்பவர் சொல்லச் சொல்ல எழுதும்படி ஆகிவிடும். "திருடு போனது" என்பதை "காணாமல் போனது" என்று மாற்றச் சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. தொலைந்தது என்று எழுதிவிட்டால் குற்றமே இல்லை, வழக்கும் இல்லை. இன்சூரன்ஸ் இருந்தால் அதுவும் சிக்கலாகும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

ஒரு பக்கம் போதும். அனுப்புநர், பெறுநர், தேதி, உங்கள் தொடர்பு எண்ணுக்குப் பிறகு இப்படி:

"மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கடந்த சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் சென்றேன். ஞாயிறு இரவு 9.15 மணிக்குத் திரும்பி வந்தபோது முன்கதவின் பூட்டு உடைக்கப்பட்டு, தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது. படுக்கையறை பீரோவின் லாக்கர் திறந்து கிடந்தது. அதில் வைத்திருந்த 3 சவரன் சங்கிலி ஒன்று, 1 சவரன் மோதிரம் ஒன்று, ரொக்கம் ரூ.22,000 ஆகியவற்றை அடையாளம் தெரியாத நபர்கள் வீட்டை உடைத்துத் திருடிச் சென்றுள்ளனர். வழக்குப் பதிவு செய்து, பொருட்களை மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதன் கீழே பொருட்பட்டியலைத் தனியாகக் கொடுங்கள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். "தங்கச் சங்கிலி 3 சவரன்" என்று மட்டும் எழுதினால், நாளை ஒருவனிடம் இருபது சங்கிலி பிடிபடும்போது உங்களுடையது எது என்று யாருக்கும் தெரியாது. கொக்கி மாற்றிப் பற்றவைத்த தழும்பு, ஒரு கல் விழுந்து வேறு நிறக் கல் வைத்தது, பின்பக்கத்துக் கடை முத்திரை, மோதிரத்தின் உள்வட்டத்தில் பொறித்த எழுத்து என ஒவ்வொன்றையும் எழுதுங்கள். 2021 ஜூலைக்குப் பிறகு ஹால்மார்க் இடப்பட்ட நகை என்றால் அதில் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில், எழுத்தும் எண்ணும் கலந்து பொறித்திருப்பார்கள். பில்லில் அது அச்சாகியிருந்தால் அப்படியே எடுத்து எழுதிவிடுங்கள். நகை அணிந்த கல்யாண போட்டோ இருந்தால் அதைப் பெரிதாக்கி இணையுங்கள்.

பில் இல்லை என்பது புகாரை வாங்க மறுக்கக் காரணமே அல்ல. பாட்டி போட்ட நகைக்கு யாரிடம் பில் இருக்கும்? நகைக்கடன் வைத்த வங்கி ரசீது, மதிப்பீட்டுச் சான்று, போட்டோ எல்லாமே உதவும். அதேசமயம் இருந்ததற்கு மேல் ஒரு குன்றிமணிகூடக் கூட்டி எழுத வேண்டாம். பொய்த் தகவல் கொடுப்பது பி.என்.எஸ். 217ஆம் பிரிவில் குற்றம். தவிர, பிடிபட்டவன் சொல்லும் கணக்கும் உங்கள் கணக்கும் உதைத்தால் உங்கள் மொத்தப் புகாரின் நம்பகமும் போய்விடும். பதற்றத்தில் ஏதாவது விட்டுப்போனால் பிறகு கூடுதல் வாக்குமூலமாகச் சொல்லிக்கொள்ளலாம். எண்ணிக்கையை ஸ்டேஷன் தரப்பு குறைக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். "முப்பது சவரன்னு போட்டா பெரிய கேஸ் ஆயிடும், பத்துன்னு போடுங்க, எல்லாத்தையும் மீட்டுத் தர்றோம்" என்பார்கள். எழுதாத இருபது சவரனைச் சட்டப்படி யாராலும் உங்களுக்குத் திருப்பித் தர முடியாது.

ஸ்டேஷனில்

மாநகரங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் குற்றப்பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் தனித்தனியாக இருப்பது வழக்கம். திருட்டுக்குப் போக வேண்டியது "கிரைம்" பக்கம். இது தெரியாமல் தப்பான மேசை முன்னால் பாதி நாள் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உள்ளே போனதும் கிரைம் இன்ஸ்பெக்டரையோ கிரைம் எஸ்.ஐ.யையோ பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

"இது எங்க லிமிட் இல்ல" என்று சொன்னால், பி.என்.எஸ்.எஸ். 173(1)ஐ நினைவுபடுத்துங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். ரயிலிலோ பேருந்திலோ பறிகொடுத்தவர்களுக்கு இது மிகவும் உதவும். மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டாக வேண்டும்.

இரண்டு நகல் கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து. கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், பேச அல்ல, பார்க்க. குரலை உயர்த்த வேண்டியதில்லை. "சார், வழக்குப் பதிவு பண்ணி எப்.ஐ.ஆர். நகல் கொடுங்க" என்பதையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். 173(2)இன்படி அந்த நகல் இலவசம்.

சி.எஸ்.ஆர். என்பது எப்.ஐ.ஆர். அல்ல

மனு வந்தது என்பதற்கான ஏற்பு ரசீதுதான் சி.எஸ்.ஆர். சமூக சேவைப் பதிவேட்டில் உங்கள் மனுவுக்கு ஒரு எண் விழுந்திருக்கிறது, அவ்வளவே. வழக்கு பிறக்கவில்லை. குற்ற எண் கிடையாது. நீதிமன்றத்துக்கு எதுவும் போகவில்லை. விசாரணை நடத்தும் சட்டப் பொறுப்பும் யார் தலையிலும் ஏறவில்லை.

ஏன் எப்.ஐ.ஆர். போடத் தயங்குகிறார்கள்? ஒவ்வொரு எப்.ஐ.ஆரும் அந்த நிலையத்தின் குற்றக் கணக்கில் ஏறுகிறது. மேலதிகாரிகள் நடத்தும் கிரைம் மீட்டிங்கில் "ஏன் இவ்வளவு கன்னக்களவு? எத்தனை கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கப்படுவது அந்தக் கணக்கை வைத்துத்தான். பதிவு செய்தால் கேள்வி வரும், பதிவு செய்யாவிட்டால் வராது. காவலர்கள் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது. திருவிழா, ஊர்வலம், வி.ஐ.பி. வருகை என்றால் குற்றப்பிரிவு ஆட்களையும் பந்தோபஸ்துக்கு இழுத்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் சிலர் தலையில் அத்தனை வழக்கும் விழுகிறது. இதைப் புரிந்துகொண்டால் பேசும்போது நமக்குப் பொறுமை வரும். அதற்காக எப்.ஐ.ஆர். கேட்பதை விட்டுவிட வேண்டியதில்லை.

லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். புதிய சட்டத்தின் 173(3) ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். ஏழாண்டுத் தண்டனை உள்ள வீட்டுத் திருட்டு இந்த வரம்புக்குள் வராது. ஆகவே "முதல்ல விசாரிக்கிறோம், அப்புறம் எப்.ஐ.ஆர்." என்று சொன்னால், எந்தப் பிரிவில், யார் அனுமதியோடு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு அனுமதியே இருக்காது.

பதிவு செய்ய மறுத்தால் ஏற வேண்டிய படிகள்

முதல் படி, பி.என்.எஸ்.எஸ். 173(4). அதே புகாரோடு "இந்தத் தேதியில் நிலையத்தில் கொடுத்தேன், சி.எஸ்.ஆர். எண் இது, இதுவரை வழக்குப் பதிவு செய்யவில்லை" என்று ஒரு கடிதம் சேர்த்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) தபாலில் அனுப்புங்கள். சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூர் போன்ற ஆணையரகப் பகுதிகளில் துணை ஆணையருக்கு அனுப்பி, ஆணையருக்கு ஒரு நகல் வைக்கலாம். சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கட்டத்தில் நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான். நேரிலும் போகலாம். பல அலுவலகங்களில் புதன்கிழமை குறைதீர் நாள். அன்று உயரதிகாரியே மனுவை வாங்குவதால், கீழே இருப்பவருக்கு அங்கேயே போன் போக வாய்ப்பு உண்டு. என் கருத்தில் எல்லாப் படிகளிலும் அதிகம் பலன் தருவது இதுதான். பாதிப் பேர் இதைச் செய்யாமலேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணிலோ இணையத்திலோ மனு போடலாம். அது சுற்றி அதே நிலையத்துக்குத்தான் வரும். ஆனாலும் பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் வரும். இதை 173(4) கடிதத்துக்குப் பதிலாகச் செய்யாதீர்கள், கூடுதலாகச் செய்யுங்கள்.

அடுத்தது நடுவர் நீதிமன்றம். 175(3)இன்படி, எஸ்.பி.க்கு எழுதியும் பலனில்லை என்றால் நடுவரிடம் மனுப் போட்டு, வழக்குப் பதிந்து விசாரிக்க உத்தரவு கேட்கலாம். மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம். பழைய சட்டத்தில் 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா தீர்ப்பின் வழியாக வந்த நிபந்தனை இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. நேரே உயர் நீதிமன்றம் போகலாமே என்று சிலர் யோசிப்பார்கள். 2007இல் சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் நடுவரிடம் போகச் சொல்லியிருக்கிறது. செலவும் அலைச்சலும் அங்கேதான் குறைவு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு.

எப்.ஐ.ஆர். போட்டாச்சு, அப்புறம்?

நகலை அங்கேயே நின்று படியுங்கள். சம்பவ நேரம், பொருட்பட்டியல், சட்டப்பிரிவு மூன்றும் சரியா? பூட்டை உடைத்தது உங்கள் புகாரில் இருந்தும் 331 இல்லை என்றால் உடனே கேளுங்கள். 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, உணர்வுநுட்பமான (சென்சிட்டிவ்) வழக்குகள் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையதளத்தில் குற்ற எண்ணைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) எழுதுவார், மாதிரி வரைபடம் போடுவார், சாட்சிகளை விசாரிப்பார். வராவிட்டால் "மகஜர் எப்போ சார்?" என்று கேளுங்கள். அது இல்லாமல் வீட்டைச் சீர் செய்துவிட்டால் சம்பவ இடம் என்று ஒன்று இருக்காது. பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவு சொல்கிறது. வயதான அம்மாவைத் திரும்பத் திரும்ப வரச்சொல்லி அலைக்கழித்தால் இதைச் சொல்லலாம்.

தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தினமும் போன் செய்தால் எடுக்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குற்ற எண்ணோடு ஒரு வரி, கேமரா கிடைத்தால் அந்தத் தகவல், சந்தேக வண்டி எண் கிடைத்தால் அது என, ஒவ்வொரு முறையும் அவருக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். 90 நாட்களுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்குத் தெரிவிப்பது 193(3)இன்படி அவர்கள் கடமை. தெரிவிக்கவில்லை என்றால் அந்தப் பிரிவைச் சுட்டி உதவி ஆணையருக்கோ டி.எஸ்.பி.க்கோ எழுதுங்கள். ஆளைத் தேடி வெளியூர் போக "வண்டிச் செலவு" கேட்டால் கொடுக்காதீர்கள். அது லஞ்சம். லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

செல்போனும் வண்டியும்

செல்போன் போனால் முதலில் சிம்மை முடக்கி, வங்கிச் செயலிகளை நிறுத்தி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்குங்கள். புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சி.இ.ஐ.ஆர். பகுதியில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனுக்கான தனி அடையாள எண்) முடக்கலாம். ஓ.டி.பி. வருவதற்கு அந்த மாற்று சிம் வேண்டும். முடக்கிய போனில் யாராவது வேறு சிம் போட்டால் தகவல் போலீசுக்குப் போகும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலும் இருக்கும். போன் போனபின் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

டூவீலரில் "ரெண்டு நாள் தேடிப் பாருங்க, கிடைக்கலைன்னா வாங்க" என்பது வழக்கமான பதில். அந்த இரண்டு நாளில் உங்கள் வண்டியில் போய் யாராவது செயின் பறித்தால், நம்பர் பிளேட்டை வைத்து போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. அன்றே எழுத்தில் கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அன்றே சொல்லுங்கள். திருட்டு உடனே போலீசில் பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் எப்.ஐ.ஆரே தாமதம் என்றால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்காது. வண்டியின் இரண்டு சாவிகளையும் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள், பத்திரம்.

வழக்கை மூடிவிட்டதாக நோட்டீஸ் வந்தால்

ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்து வழக்கை முடிப்பது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் வாங்க இந்த அறிக்கையே உங்களுக்குத் தேவைப்படலாம், அப்போது நகல் கேட்டு வாங்குங்கள். மாறாக, கேமரா பதிவைப் பார்க்கவே இல்லை, சாட்சியை விசாரிக்கவே இல்லை என்றால் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போடலாம். அப்படிப்பட்ட அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரரைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985இலேயே தீர்ப்பு இருக்கிறது. மூடிய பிறகும், எங்காவது ஒரு திருடன் பிடிபட்டு உங்கள் வீட்டைக் காட்டினால் மேல்விசாரணை செய்யச் சட்டம் இடம் தருகிறது.

தெருவாகச் சேர்ந்து கேட்பது

ஒரே தெருவில் பல வீடுகளில் திருட்டு நடந்திருக்கும். "எதுக்கு வம்பு" என்று பலர் புகாரே கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்த சிலருடையதும் சி.எஸ்.ஆரோடு நின்றிருக்கும். போலீஸ் கணக்கில் அந்தத் தெரு அமைதியான தெரு. பிறகு ரோந்து எப்படி வரும்? குடியிருப்போர் சங்கம் முதலில் செய்ய வேண்டியது, அந்த வீட்டுக்காரர்களைப் புகார் கொடுக்க வைப்பது. பிறகு தேதி, நேரம், இடம், குற்ற எண் அல்லது சி.எஸ்.ஆர். எண் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். வாரத்தின் எந்த நாட்களில், எந்த நேரத்தில், எந்தச் சந்து வழியாக என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதை வைத்து உதவி ஆணையரிடம் அந்த நேரத்துக்கு, அந்த இடத்துக்கு ரோந்து கேளுங்கள். "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு, அந்த நிலையத்தில் கடந்த ஆண்டு பதிவான கன்னக்களவு வழக்குகள் எத்தனை, சி.எஸ்.ஆரோடு முடிந்த திருட்டு மனுக்கள் எத்தனை, குற்றப்பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை என்று கேட்கலாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும். உங்கள் வழக்கின் புலனாய்வு விவரத்தைக் கேட்டால், விசாரணைக்கு இடையூறு என்னும் 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம், எண்ணிக்கையைக் கேட்டால் அப்படி மறுக்க முடியாது. அந்தப் பதிலோடு சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால், ஆள் பற்றாக்குறை என்ற காவலர்களின் குறையையும் சேர்த்தே பேசலாம்.

பொருள் கிடைத்துவிட்டால்

பிடிபட்ட நகையை அடையாளம் காட்டக் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த தழும்பும் கல்லும் அங்கே பேசும். உருக்கிக் கட்டியாக்கியிருந்தால் எடையை வைத்துத்தான் பேச முடியும், அதனால்தான் எடையைச் சரியாக எழுதச் சொன்னேன். நகையை நிலையத்திலேயே கையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கைப்பற்றிய பொருள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டு, நடுவர் உத்தரவின் பேரில் உங்களிடம் வர வேண்டும். அதற்கு பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503ஆம் பிரிவில் பொருளைத் திரும்பக் கேட்கும் மனுப் போட வேண்டும். புதிய சட்டத்தில் நீதிமன்றம் 14 நாட்களுக்குள் பொருளின் விவர அறிக்கை தயாரித்து, போட்டோவோ வீடியோவோ எடுத்து, அதிலிருந்து 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். பொருளை நிலையத்தில் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் முன்பே சொல்லியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடித்து நிற்கும் வண்டிகளில் பல, இந்த மனுவை யாரும் போடாததால் நிற்பவை.

திரும்பக் கொடுக்கும்போது பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். வழக்கு முடியும் வரை விற்கவோ உருமாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். சம்மன் வந்தால் சாட்சி சொல்லப் போங்கள். புகார்தாரரே வராததால் விடுதலையாகும் திருட்டு வழக்குகள் நிறைய. முகவரியோ தொடர்பு எண்ணோ மாறியிருந்தால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.